ஆ[ருயி]ர் மனைவி

ஜனவரி 9

தட்டச்சு மகாராணிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பஸ் மலையேறும்போது இரண்டு இடத்தில் நின்றது. இரண்டு இடத்திலும் டிரைவர் இறங்கிப்போய் எஞ்சினிடம் கெஞ்சிவிட்டு வந்தார். கல்லறைத் தோட்டக் காவலர் தன் வீட்டு முன்னறையை எனக்கு ஒழித்துக் கொடுத்திருக்கிறார். ஜன்னலைத் திறந்தால் எதிரே கல்லறைகள்தான். "அக்கம்பக்கத்துல சத்தமே இருக்காது சார்" என்றார். தினமும் இந்த ஜோக்கைச் சொல்லுவார் என்று நினைக்கிறேன்.

அணை கட்டி முடித்துவிட்டார்கள். மழைக்காலம் வந்ததும் மதகை அடைத்தால் இந்தத் தோட்டம் முழுக்கத் தண்ணீருக்குள் போய்விடும். அதற்குள் எல்லாக் கல்லையும் படித்து எழுதிப் புத்தகமாகப் போட வேண்டும் என்று கல்லறைத் தோட்டக் குழு அவசரப்படுத்துகிறது. நான் படித்து எழுதியதை வாரம் ஒரு கட்டாக பஸ்ஸில் அனுப்புகிறேன். நீ அச்சகத்தில் உட்கார்ந்து அடித்து எனக்குத் திருப்பி அனுப்பு.

அடிக்கும் முன்னால் என் குறிகளைப் புரிந்துகொள். சாய்கோடு வந்தால் கல்லில் அந்த இடத்தில் வரி முடிகிறது என்று அர்த்தம். வரிசையாகப் புள்ளி வைத்திருந்தால் எழுத்து தேய்ந்துவிட்டது, என்னவென்று எனக்கும் தெரியவில்லை. சதுர அடைப்புதான் முக்கியம். அதற்குள் இருப்பது இப்போது கல்லில் இல்லை. முன்பு இருந்திருக்க வேண்டும் என்று நான் நிரப்பியது. நம் டைப்ரைட்டரில் சதுர அடைப்பு கிடையாது என்பது எனக்குத் தெரியும். இடம் விட்டு அடித்துவிட்டு, பிறகு பேனாவால் போட்டுவிடு. தயவுசெய்து மறக்காதே. அடைப்பு விட்டுப்போனால் நான் சொன்னதைக் கல்லே சொன்னதாக ஊர் நம்பிவிடும்.

அம்மாவிடம் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடாதே, தலையணைக்கு அடியில் ஒளித்துவிடுவாள். இங்கே எலும்பைக் குடைகிற குளிர். சாம்பல் ஸ்வெட்டர் இருந்ததால் பிழைத்தேன்.

உன் பிழைதிருத்துபவன்


ஜனவரி 16

பிழைதிருத்தும் ஐயாவுக்கு,

முதல் கட்டு வந்தது. அடித்துவிட்டேன். அடைப்பெல்லாம் போட்டாகிவிட்டது.

இப்போது ஸ்வெட்டருக்கு வருகிறேன். நான் பெட்டியில் வைத்தது நீல ஸ்வெட்டர். கடையில் நாலு முறை விலை கேட்டு, ஐந்தாவது முறை வாங்கியது. சாம்பல் ஸ்வெட்டர் பீரோவின் அடித்தட்டில், பாச்சை உருண்டைகளோடு, பழைய படுக்கை விரிப்புக்குக் கீழே இருந்தது. அது தானாக எழுந்து நடந்துபோய்ப் பெட்டியில் ஏறிக்கொண்டதா?

உங்கள் அம்மாவிடம் கேட்டேன். "அதும்மா, பெரியவ கையால பின்னினது. என்ன சூடு தெரியுமா! கடையில வாங்கறதெல்லாம் பேருக்குத்தான்" என்றார். எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்ற உங்கள் அம்மாவுக்குச் சொல்லியா தர வேண்டும்? அதைக் கேட்ட கையோடுதான் மாத்திரையும் கொடுத்தேன். விழுங்கும்வரை நின்று பார்த்தேன், கவலைப்படாதீர்கள்.

ஒன்று நேராகவே கேட்டுவிடுகிறேன். மனதில் வைத்துக்கொண்டு சிரிக்க எனக்கு வராது. எனக்கு முன்னால் உங்களுக்கு வாழ்க்கைப்பட்ட பெரியவளும் அந்தத் தோட்டத்தில்தானே இருக்கிறாள்? கல் படிக்க இந்த உலகத்தில் உங்களைவிட்டால் ஆளே இல்லையா? எந்தப் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தீர்கள்?

பின்குறிப்பு: ஒரு கல்லில் 'நித்திரை' என்பதை 'நித்தரை' என்று எழுதியிருந்தீர்கள். திருத்திவிட்டேன். குளிரில் கை நடுங்கியிருக்கும்.


ஜனவரி 24

மகாராணிக்கு,

கை நடுங்கவில்லை. கல்லிலேயே 'நித்தரை'தான். பக்கத்தில் (அப்.) என்று ஒரு குறி போட்டிருந்தேனே, பார்க்கவில்லையா? 'அப்படியே' என்று அர்த்தம். தப்பு கல்லுடையது, படித்தவனுடையது இல்லை. உயிரோடு இருப்பவர்களின் பிழையைத் திருத்துவதுதான் நம் பிழைப்பு. செத்தவர்களின் பிழையில் கை வைக்க நமக்கு உரிமை இல்லை. எனக்கும் பேனா துடிக்கத்தான் செய்கிறது. பழைய நிலைக்கே மாற்றிவிடு.

நீல ஸ்வெட்டரை உள்ளே போட்டிருக்கிறேன், சாம்பலை மேலே போட்டிருக்கிறேன். இரண்டும் சேர்ந்தால்தான் இந்த ஊர்க் குளிர் அடங்குகிறது. இதற்கும் கோபம் வந்தால் நான் என்ன செய்ய?

கிழக்கு ஓரத்திலிருந்து ஆரம்பித்தேன். அவள் இருப்பது மேற்கு ஓரம், வேலியை ஒட்டி. இந்த ஊரில் நான் வேலை பார்த்தவன், வழி தெரிந்தவன் என்றுதான் குழு என்னைக் கூப்பிட்டது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். போதுமா?


பிப்ரவரி 6

ஐயாவுக்கு,

போதாது. மேற்கு ஓரம் வந்துவிட்டது.

கட்டைப் பிரித்தபோதே தெரிந்தது. மற்றத் தாள்களில் உங்கள் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கிறது. அந்த ஒரு தாளில் மட்டும் முத்து முத்தாக இருக்கிறது. முதல் வரி அவள் பெயர். அதை இங்கே திரும்ப எழுத என் பேனாவுக்கு இஷ்டமில்லை. அதற்குப் பிறகு நீங்கள் எழுதி அனுப்பியது இது:

ஆ[ருயி]ர் மனைவி / பிரி[வால்] வாடும் கணவன் / (வெ. 4 வரி)

உங்கள் விதியை நீங்களே சொல்லிக் கொடுத்தீர்கள், நான் மறக்கவில்லை. அடைப்புக்குள் இருப்பது கல்லில் இல்லை, நீங்கள் நிரப்பியது. அப்படியானால் மழையும் வெயிலும் பாசியும் சேர்ந்து, 'ருயி' போதும் என்று அழித்துவிட்டன. கல்லே விட்டுவிட்டது. நீங்கள் விட மாட்டேன் என்கிறீர்கள். கல்லில் இருந்திருந்தாலாவது என்றோ வெட்டியது என்று தேற்றிக்கொண்டிருப்பேன். அடைப்புக்குள் இருக்கிறதே, போன வாரம் உங்கள் மனதிலிருந்து எடுத்து எழுதியதுதானே அது? எப்படிப் பார்த்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

முன்னால் ஆ, பின்னால் ர். நடுவில் என்ன வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். நானும் நிரப்பினேன். உங்களுக்கு மட்டும்தான் நிரப்பத் தெரியுமா? தாளில் இப்படி அடித்திருக்கிறேன், பாருங்கள்:

ஆ[சிரிய]ர் மனைவி

அப்புறம் அந்த 'வாடும் கணவன்'. போன மாதம்தான் பெல்ட்டில் ஒரு துளை தள்ளிப் போட்டுக்கொண்டீர்கள். 'வாடும்' என்பதற்குப் பக்கத்தில் (அப்.) சேர்த்திருக்கிறேன். தப்பு கல்லுடையது, அடித்தவளுடையது இல்லை.

கடைசியில் அது என்ன (வெ.)? இந்தக் குறியை நீங்கள் சொல்லித் தரவே இல்லையே. வெயிலா, வெட்கமா?


பிப்ரவரி 13

மகாராணிக்கு,

நீ அடித்த தாளைப் பார்த்து முதலில் சிரித்தேன், சத்தமாகவே சிரித்தேன். காவலர் எட்டிப் பார்த்து, "என்ன சார், யாராவது எழுந்துட்டாங்களா?" என்றார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

நான் ஆசிரியர் இல்லை. தாளைத் திருத்தி வைத்திருக்கிறேன், பழையபடி அடித்து அனுப்பு. விளையாட்டுக்குக்கூட இப்படிச் செய்யாதே. தண்ணீர் வந்த பிறகு அந்தக் கல் என்ன சொன்னது என்று யாராலும் போய்ப் பார்க்க முடியாது. நீ அடிக்கும் தாள்தான் அப்புறம் கல். ஒரு பெண் யாருக்கு மனைவியாக இருந்தாள் என்பதை நீயும் நானும் கோபத்தில் மாற்றிவிடக் கூடாது.

'வாடும்' பக்கத்தில் நீ போட்ட (அப்.) மட்டும் அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன். பிறகு அதையும் கோடு போட்டு நீக்கிவிட்டேன். அப்போது உண்மையாகவே வாடியிருந்தேன்.

வெ. என்றால் ஒன்றுமில்லை. விடு.

அம்மாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது?


பிப்ரவரி 20

உங்களுக்கு,

இருமல் தேவலை. மாத்திரை போடுகிறார். 'ருயி'யைத் திருப்பிப் போட்டுவிட்டேன். அடைப்பை என் பேனாவாலேயே போட்டேன். அந்த இரண்டு கோடு போடுவதற்குள் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

வெ. என்றால் ஒன்றுமில்லை என்று எழுதினீர்கள். நானும் நம்பிவிட்டுத்தான் அடுத்த கட்டை அடித்தேன். அதில் இன்னொரு கல்லில் வெ. வந்தது. பெண்ணின் பெயர், அதற்குக் கீழே வெ. மூன்று வரி. இன்னொன்றில் ஒரு ஆணின் பெயர், கீழே வெ. ஐந்து வரி. தனியாகப் போனவர்கள், குழந்தைகள், கல்யாணம் ஆகாதவர்கள் யாருடைய கல்லிலும் வெ. இல்லை. புருஷன் பெண்டாட்டி இருவர் பெயரும் இருக்கிற கல்லிலும் இல்லை. ஒருவர் போய், ஒருவர் மிச்சம் இருந்த கல்லில் மட்டும்தான் இருக்கிறது.

வெற்றிடம். எழுத்து அழியவில்லை. யாரும் எதையும் வெட்டவே இல்லை. பின்னால் தேவைப்படும் என்று விட்டுவைத்த இடம்.

ஒன்றுமில்லை என்று நீங்கள் சொன்னது பொய்யும் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் கோபம். ஒன்றுமில்லாத இடம்தான். ஆனால் யாருக்கு? முழுப் பூசணிக்காயை ஒரே ஒரு எழுத்துக்குள் மறைத்துவிட்டீர்களே!

இந்த வீட்டுக்கு நான் வந்தபோது பீரோவில் ஒரு தட்டு அவளுடையதாக இருந்தது, ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் அம்மா என்னைக் கூப்பிடும்போது பத்தில் நாலு தடவை அவள் பெயர் வரும், 'ம்' கொட்டிவிட்டுப் போவேன். போனது போகட்டும், இனிமேல் வரும் நாளெல்லாம் என்னுடையதுதானே என்று இருந்தேன். நடந்து முடிந்ததில்தான் அவளுக்குப் பங்கு என்று நினைத்தேன். உங்கள் கடைசியையும் அவள் முன்கூட்டியே துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருக்கிறாள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நான் நடுவில் வந்து நடுவிலேயே இறங்கிப்போகிறவளா?

இதற்குப் பதில் எழுதுங்கள். ஜோக் வேண்டாம்.


பிப்ரவரி 27

உனக்கு,

ஜோக் இல்லை.

அந்தக் கல்லை நிறுத்தியபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. இனி ஒன்றுமில்லை என்று தோன்றுகிற வயது அது. கல் வெட்டுபவர் கேட்டார்: "கீழ எடம் விடவா சார்?" விடுங்கள் என்றேன். இருக்கிற வயதைச் சீக்கிரம் முடித்துவிட்டு அங்கேயே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று இருந்தேன். அப்போது உன்னை எனக்குத் தெரியாது. அச்சகத்தில் ஒருத்தி வந்து உட்கார்ந்து, நான் திருத்திய தாளையே திருத்தி என் முகத்துக்கு நேரே நீட்டுவாள் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், இடம் விடச் சொல்லியிருக்க மாட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஈரத்துணி வைத்துத் துடைத்து, கண்ணாடியால் வெயிலைச் சாய்த்து அடித்துப் பார்த்தும் அந்த 'ருயி' தெரியவில்லை. நானே எழுதிக் கொடுத்த வாசகம். சட்டென்று நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆருயிரா, வேறு ஏதாவதா என்று அந்தக் கல்லின் முன் திருடன் மாதிரி முழித்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு நான் சொன்ன கடைசிச் சொல் எனக்கு மறந்துபோயிருந்தது. எழுத்துகளின் அகலத்தை அளந்து பார்த்துத்தான் நிரப்பினேன். நீ நினைத்த மாதிரி மனதிலிருந்து எடுக்கவில்லை. இது உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டையும் சொல்லிவிட்டேன்.

இப்போது விஷயம் இதுதான். உறவினர்கள் விரும்பினால், தண்ணீர் வரும் முன் கல்லையும் அதன் கீழே இருப்பதையும் எடுத்துத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று குழு அறிவித்திருக்கிறது. மார்ச் மாதம் முடிவதற்குள் சொல்ல வேண்டும். அவளுக்கு என்னைத் தவிர யாரும் இல்லை. நீ வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன், தண்ணீர் மூடிக்கொள்ளட்டும். இல்லை, கல் வேண்டும், வெற்றிடம் வேண்டாம் என்றால், கீழ்ப் பாதியை அறுத்து எடுத்துவிடலாம் என்று கல் வெட்டுபவர் சொல்கிறார். முடிவு உன்னுடையது. நீ என்ன சொன்னாலும் செய்கிறேன்.


மார்ச் 7

உங்களுக்கு,

முடிவை என் தலையில் கட்டிவிட்டு நீங்கள் நல்லவராகிவிட்டீர்கள். இருக்கட்டும்.

'மூழ்கட்டும்' என்று ஒரே சொல்லில் ஒரு கடிதம் எழுதி, உறையில் போட்டு, ஒட்டியும் விட்டேன். உங்களுக்கு அந்தச் சொல் மறந்துபோனது என்று படித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. இரண்டு நாள் வீட்டில் பாட்டுகூடப் பாடினேன். உங்கள் அம்மா, "என்ன, புள்ள வர்றானா?" என்று கேட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

அவர் ஒப்பாரி வைப்பார், என்னோடு சண்டைக்கு வருவார் என்று இடுப்பில் கை வைத்துத் தயாராக நின்றேன். அவரோ, "போகட்டும் விடும்மா. இருக்கறவ மனசு நோகறப்ப போனவளுக்குக் கல்லு எதுக்கு?" என்றார். அப்புறம், "அவளுக்கு முட்டிக்கால் தண்ணின்னாலே பயம். ஆத்துல எறங்க மாட்டா" என்றார். அவ்வளவுதான். திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றைக்கு மாத்திரையைத் தானாகவே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

என் பாட்டு நின்றுபோயிற்று. எனக்கும் தண்ணீர் பயம் என்பது உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. நீங்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

யோசித்தேன். மூழ்கட்டும் என்று விட்டால் என்ன ஆகும்? வருஷா வருஷம் நீங்கள் அந்த அணைக்கட்டின் மேல் போய் நின்று தண்ணீரைப் பார்ப்பீர்கள். நான் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நிற்கிற கல்லையாவது முறைத்துப் பார்க்கலாம். அவ்வளவு பெரிய தண்ணீரை எப்படி முறைப்பது? அறுத்து எடுத்தால் இன்னும் மோசம். பாதிக் கல்லைப் பார்க்கிறவன் எல்லாம் "மீதி எங்கே?" என்று கேட்பான். வாழ்நாள் முழுக்க ஒரு வெட்டுக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

இன்னொரு நினைப்பும் வந்தது. இத்தனை கல்லை அடித்தேனே, எத்தனையில் வெறும் புள்ளிகள்! யாரோ ஒருத்தி, யாருக்கோ என்னவாகவோ இருந்தவள். நிரப்ப ஆளில்லை. நாளைக்கு என் கல்லிலும் நாலு எழுத்து தேயும். அதை நிரப்புவதற்கு அகலத்தையாவது அளந்து பார்க்க ஒருவர் வேண்டாமா? அவளுக்கு நீங்கள் இருந்தீர்கள். அதை நினைத்தும் பொறாமைதான் வந்தது. என்னிடம் வேறு என்ன வரும்?

ஆகவே கேளுங்கள். கல்லைக் கொண்டுவாருங்கள், முழுதாக. அவளையும் கொண்டுவாருங்கள். நம் ஊருக்கு வெளியே இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் மேடான இடமாகப் பார்த்துச் சொல்லிவைத்திருக்கிறேன், மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது. அந்த நாலு வரியை நீங்களே அளந்து பாருங்கள். அதில் இரண்டு பேருக்கு இடம் இருக்க வேண்டும். உங்கள் இருவரையும் ஒரே கல்லில் தனியாக விட்டுவிட்டு நான் வேறு வரிசையில் போய்ப் படுத்துக்கொள்வேன் என்று நினைத்தீர்களா? நான் என்ன பைத்தியமா?

அந்தத் தாளைப் புதிதாக அடித்து இதோடு வைத்திருக்கிறேன். பேனாவால் அடைப்புப் போட்டிருக்கிறேன். புத்தகத்துக்கு இல்லை, உங்களுக்கு.

ஆ[ருயி]ர் மனைவி / பிரி[வால்] வாடும் கணவன் / [அவர்] / [நானும்]

சாம்பல் ஸ்வெட்டரையும் கொண்டுவாருங்கள். இந்நேரம் முழங்கை கிழிந்திருக்கும். அதையும் நான்தான் தைக்க வேண்டும்.


மார்ச் 13

என் மகாராணிக்கு,

ஒட்டிய உறையைப் பிரித்தாயே, அதற்கு நான் என்ன சொல்ல. குழுவிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். தண்ணீர் என்றால் உனக்குப் பயம் என்பதை இப்போது தெரிந்துகொண்டேன். வந்ததும் முதலில் கொல்லைக் கிணற்றுக்கு மூடி போடுகிறேன்.

கல் வெட்டுபவரை அழைத்துவந்து வெற்றிடத்தை அளந்தேன். விஷயத்தைச் சொன்னதும் டேப்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சார், ரெண்டு பேரும் உசுரோடதானே இருக்கீங்க? இதுக்கா இப்படி அடிச்சுக்கறீங்க?" என்றார். ஆமாம் என்றேன்.

இடம் இருக்கிறது. ஆனால் ஒரு ஆளுக்கென்று விட்ட இடம், இரண்டு பேருக்குக் கொஞ்சம் நெருக்கடிதான். எழுத்தைச் சின்னதாகப் போட்டால் பிடிக்கும் என்கிறார். உனக்குச் சம்மதமா? ஸ்வெட்டரில் முழங்கை கிழிந்துதான் இருக்கிறது. எப்படித் தெரிந்தது?


மார்ச் 19

உங்களுக்கு,

சம்மதம். சின்ன எழுத்தில் உங்கள் பெயரைப் போடச் சொல்லுங்கள். என் பெயர் அவளுடைய அளவிலேயே இருக்கட்டும்.